உறைபொருள் பிரிவிலிருந்து ஒரு விண்ணப்பம்

முதல் வரைவில் மூன்று ‘மன்னிக்கவும்’ இருந்தன.
இரண்டாவதில் ஒன்று.
அதையும் அழித்தேன்,
பிறகு போட்டேன்,
பேருந்து ஏறுமுன் மறுபடி அழித்தேன்.

படிவத்தில் ஒரு கட்டம்:
உங்களால் செய்ய முடியாத வேலைகளைக் குறிப்பிடுக.
மூன்று கோடுகள் விட்டிருக்கிறார்கள்.
பத்தொன்பது வருடமாகச் செய்து முடித்ததை எழுத
யாரும் அரைக் கோடுகூட விட்டதில்லை.

வின்னிபெக்கில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே இன்னொரு குளிர்காலத்தை
அடுக்கி வைப்பது என் வேலை:
பட்டாணி, பெரோகி, மீன்துண்டு,
கண்ணாடிக் கதவுக்குப் பின்னே
எல்லா முகமும் வெளியே பார்க்க.

புதன்கிழமை நரம்பில் ஏற்றும் மருந்துக்கு
குளிர் ஆகவே ஆகாது.
குழாய்த் தண்ணீரில் விரல் நீட்டினால்
கண்ணாடித்தூளுக்குள் நீட்டின மாதிரி.
கார்க் கதவின் கைப்பிடி கடிக்கிறது.
ஒரு மடக்குப் பச்சைத்தண்ணீர்
தொண்டையை உள்ளிருந்து தாழ்போடுகிறது.
‘குளிர்ந்த பொருட்களைத் தொட இயலாது’
என்று எழுதினேன்.
பொய்யில்லை.
உண்மை இவ்வளவு சின்னதா என்றுதான்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோயின் பெயர் எழுத வேண்டியதில்லை,
முடியாததை மட்டும் எழுது என்றாள்
செவிலி மேரிவிக்,
என் இடுப்புப் பையில் பம்ப்பை மாட்டியபடி.
நாற்பத்தாறு மணி நேரம் அது என்னோடு.
பேருந்தில் அது கிர்ரென்றபோது
பக்கத்துச் சீட்டுப் பையன்
தன் போனை எடுத்துப் பார்த்தான்.

எவ்வளவு காலத்திற்கு? என்றது அடுத்த கட்டம்.
மற்றதெல்லாம் பேனாவில்.
‘ஜூலை வரை’ மட்டும் பென்சிலில்.

முட்டை அறைக்குப் பக்கத்தில்
கர்ட்டிஸ் லவாலியின் அலுவலகம்.
படித்தார். திருப்பினார்.
பின்பக்கம் காலியாக இருந்தது, அதையும் படித்தார்.
“ஒரீசியா, குளிர்தானே?
நல்ல கையுறை வாங்கித் தரலாமே.”
கையுறை போட்டுத்தான் பத்தொன்பது வருடம் என்றேன்.
குரல் நடுங்கவில்லை.
முழங்கால் நடுங்கியது, அது மேசைக்குக் கீழே.

கல்லாவுக்கு மாற்றம்: சரி.
ஒன்றுவிட்ட வாரங்களில் புதன் முதல் வெள்ளி விடுப்பு: சரி.
கழிப்பறைக்கு ஓட வேண்டுமென்றால்
கை தூக்காமல் ஓடலாம்: அவர் காது சிவந்தது, சரி.
முக்காலிக்கு மட்டும்
தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டுமாம்.
ஓய்வறையில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட
பூப்போட்ட அட்டை எனக்கு வேண்டாம் என்பதற்கு
படிவத்தில் கட்டமே இல்லை.
அதை வாயால் சொன்னேன்.
அவர் இழுப்பறையை மெதுவாக மூடினார்.

முக்காலி பதினேழு நாள் கழித்து வந்தது,
தலைமை அலுவலகத்திலிருந்து அல்ல,
மருந்துக் கவுன்ட்டரின் பின்னாலிருந்து.
ஒரு கால் குட்டை.
என் படிவத்தின் ரோஸ் நிற நகலை
நாலாக மடித்து அடியில் செருகினேன்.

உட்கார்ந்தாயிற்று.
“கொடுத்து வைத்தவள், உட்கார்ந்தே சம்பளம்”
என்றார் ஒரு பெரிய கோட்டுக்காரர்.
அப்போதுதான் கவனித்தேன்,
நானோ கர்ட்டிஸோ படிவமோ யோசிக்காத ஒன்றை:
ஓடும் பட்டையில் அவருடைய வாழைப்பழம், ரொட்டி,
அவற்றின் பின்னே
புகைவிட்டுக்கொண்டு என்னை நோக்கி
ஒரு மூட்டை உறைந்த பட்டாணி.

கடை முழுக்கக் குளிர் இங்கேதான் வந்து சேர்கிறது.
இதற்குப் படிவம் கிடையாது.
தலைக்குத் தலை கேட்க வேண்டும்,
நாளைக்கு நாற்பது முறை, அறுபது முறை.

“அதை மட்டும் நீங்களே பிடித்துக் காட்டுங்கள்,
கோடு என் பக்கம் இருக்கட்டும்.”

ஏன் என்பது போலப் பார்த்தார்.
நான் காத்திருந்தேன்.
வரிசை காத்திருந்தது.
மன்னிக்கவும் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து
அங்கேயே நின்றது.

பிடித்தார், தலைகீழாக.
“திருப்புங்கள்” என்றேன்.